மைக்கில் வாசித்த பெயர்கள்

பேரிப்பாறையில் வேலுத்தாயின் குரல் தெரியாதவர்கள் கிடையாது. கொடைக்கானலிலிருந்து மேற்கே இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போனால் வருகிற மலைக்கிராமம் அது. நூற்றெண்பது வீடுகள், சரிவெல்லாம் கேரட்டும் பீன்ஸும் பூண்டும். தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, தெருத்தெருவாக வால்வு திறந்துவிடுவது ஊராட்சியில் அவள் வேலை. எட்டாம் வகுப்பு வரை படித்தவள் என்பதால், ஊராட்சி அலுவலகக் கூரைமேல் இருக்கும் குழாய் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வாசிக்கும் சோலியும் அவளிடமே வந்து சேர்ந்தது. இன்று மேலத்தெருவுக்குத் தண்ணீர் வரும், நாளை ரேஷன் கடை திறக்கும் என்று மாதத்துக்கு நாலைந்து தடவை வாசிப்பாள். யாரும் அதைப் பெரிதாகக் கேட்டதில்லை.

இரண்டாயிரத்து இருபத்தொன்று மே மாதம் அது மாறியது. இரண்டாம் அலை, முழு ஊரடங்கு. பஸ் நின்றுவிட்டது. செல்போனுக்கு மேட்டுக்கு ஏறினால்தான் சிக்னல். கீழே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அந்த மைக்கை விட்டால் வேறு வழியில்லை. காய்கறி வண்டி எந்த நாளில் இறங்கலாம், கடை எத்தனை மணி வரை, வெளியூரிலிருந்து வந்தவர்கள் எங்கே பதிய வேண்டும், கபசுரக் குடிநீர் எந்தத் தெருவில் ஊற்றுகிறார்கள் என்று ஊராட்சிச் செயலர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டு, வெள்ளனே ஆறரை மணிக்கு அவள் வாசிப்பாள். எல்லாவற்றையும் இரண்டு தடவை. தோட்டத்துக்குக் கிளம்புகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். நாற்பத்து மூன்று வயதில் முதல்முறையாகத் தன் பேச்சுக்காக ஒரு ஊரே காத்திருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. அதை அவள் பின்னாளில் மறைக்கவில்லை.

முதலில் நோய் வந்தது கீழத்தெரு ஆண்டிச்சாமிக்கு. நாயுடுபுரத்தில் அக்கா வீட்டு மாமா இறந்துபோக, பாஸ் வாங்கிக்கொண்டு துக்கத்துக்குப் போய்விட்டு வந்தவர். காய்ச்சல் முகாமில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் ஊராட்சி அலுவலகத் தரைவழி போனில் செயலருக்குத் தொற்று உறுதி என்று சேதி வந்தது. அவரைக் கொடைக்கானலுக்கு அழைத்துப் போனார்கள். ஊராட்சித் தலைவர் சேனாதிபதி வேலுத்தாயைக் கூப்பிட்டு, பெயரைச் சொல்லியே வாசித்துவிடச் சொன்னார். ஊர் உஷாராக இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கெட்ட எண்ணம் இல்லை. அவளுக்கும் அது சரியென்றே பட்டது.

“கீழத்தெரு ஆண்டிச்சாமி வீட்டுல கொரோனா உறுதியாகியிருக்கு. அந்த வீட்டுப் பக்கம் யாரும் போக வேண்டாம்” என்று வாசித்தாள். வழக்கம்போல இரண்டு தடவை.

அன்று பொழுது சாய்வதற்குள் ஆண்டிச்சாமி வீட்டு வாசலுக்குக் குறுக்கே மூங்கில் கட்டித் தகரம் அடித்துவிட்டார்கள். உள்ளே அவர் மனைவியும் மாமியாரும் இருந்தார்கள். அந்த வீட்டுப் பாலைப் பால்காரர் எடுக்கவில்லை. அவர்கள் தண்ணீர் பிடித்த குழாயில் மற்றவர்கள் குடம் வைக்கவில்லை. ஒன்றரை ஏக்கர் கேரட் பிடுங்குகிற பருவத்தில் நின்றது. ஆள் வரவில்லை, வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். மறுத்த வண்டிக்காரர்களில் வேலுத்தாயின் கணவன் கதிர்வேலும் ஒருவன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு அடிப்பவன் அவன். அந்தக் கேரட்டை ஏற்றினால் மற்றவர்கள் தங்கள் மூட்டையை ஏற்ற விடமாட்டார்கள் என்றான். அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. கேரட் மண்ணுக்குள்ளேயே வெடித்து அழுகியது.

பத்து நாள் கழித்துக் குணமாகித் திரும்பிய ஆண்டிச்சாமி, வால்வு திறக்க வந்தவளைத் தெருமுனையில் பார்த்தார். சண்டை போடவில்லை.

“சீக்கு எனக்கு வந்துச்சு. கேரட்டுக்கு என்ன வந்துச்சு?” என்றார்.

தலைவர் சொன்னார், நான் வாசித்தேன் என்றாள் வேலுத்தாய். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அந்த நேரத்துக்கு அது போதுமான பதிலாகத்தான் அவளுக்குத் தோன்றியது.

அடுத்த வாரத்தில் மேலும் நான்கு பெயர்களை வாசித்தாள். நான்கு வாசல்களில் தகரம் ஏறியது.

அப்போதுதான் கதிர்வேலுக்குக் காய்ச்சல் வந்தது. லோடு இறக்கிவிட்டு வந்தவன் உடம்பெல்லாம் வலிக்கிறது என்று படுத்தான். இருமலும் இருந்தது. வேலுத்தாய் செயலரிடம் போகக் கிளம்பி, கதவு வரை வந்து நின்றாள். சொன்னால் வண்டி நிற்கும். வாசலுக்குத் தகரம் வரும். நாளைக் காலை தன் வாயாலேயே தன் வீட்டுப் பெயரை வாசிக்க வேண்டியிருக்கும். திரும்பி வந்து மிளகு ரசம் வைத்தாள். தனக்கு மூட்டுவலி என்று சொல்லிக் கடையில் மாத்திரை வாங்கி வந்தாள். மழையில் நனைந்த காய்ச்சல்தான் என்று அவனிடமும் தன்னிடமும் சொல்லிக்கொண்டாள். மறுநாள் காலை மைக் முன்னால் நின்று வேறு யாருடைய பெயரையோ வாசித்தாள். குரல் நடுங்கவில்லை.

அன்றுதான் தொட்டி கழுவுகிற நாளும். உயரத்தில் ஏற அவளுக்குப் பயம். மேலத்தெரு மணியன்தான் ஒவ்வொரு முறையும் கூட வந்து ஏணியில் ஏறி, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கொடுப்பார். ஐம்பத்தெட்டு வயது மனிதர். கூலி வாங்கமாட்டார், ஒரு டம்ளர் காப்பி போதும். அன்று அவர் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டாள். அவர் மனைவி பாப்பம்மாள் வாசலை மறித்தாற்போல நின்றுகொண்டு, பாலசமுத்திரத்தில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றாள்.

பஸ் ஓடவில்லை. பாஸ் இல்லாமல் யாரும் மலையிறங்க முடியாது. பாஸ் வாங்கியவர்கள் பட்டியல் வேலுத்தாயின் நோட்டிலேயே இருந்தது. அதில் மணியன் பெயர் இல்லை. எப்படிப் போனார் மதினி என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கேட்டால் பாப்பம்மாள் திருப்பிக் கேட்பாள், உன் வீட்டுக்காரர் ஏன் இரண்டு நாளாக வண்டி எடுக்கவில்லை என்று. வேலுத்தாய் ஒன்றும் கேட்காமல் வந்துவிட்டாள். மூன்றாம் நாள் கதிர்வேலுக்குக் காய்ச்சல் விட்டது.

அதற்கும் இரண்டு நாள் கழித்து, ஊற்றிலிருந்து வருகிற பைப்பில் அடைப்பு எடுக்க மேட்டுக்காட்டுக்குப் போனாள். மணியன் தோட்டத்துக் குடிசையிலிருந்து இருமல் கேட்டது. விதைப்பூண்டைப் புகைமூட்டத்தில் தொங்கவிட்டு வைக்கிற சின்னக் குடிசை அது. கதவைத் தள்ளினாள். பூண்டுக் கட்டுகளுக்குக் கீழே, சாக்கின்மேல் கம்பளி போர்த்தி மணியன் கிடந்தார். பக்கத்தில் தூக்குச்சட்டியில் கஞ்சி ஆறிப்போய் இருந்தது. உதடு கருத்து, நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. அவளை அடையாளம் கண்டதும் அவர் எழ முயன்றார்.

“வாசிச்சிராத, வேலுத்தாயி” என்றார்.

அவள் மேட்டுக்கு ஓடி ஆம்புலன்சுக்குப் பேசினாள். கீழிருந்து வர நேரமாகும் என்றார்கள். அடுத்து வீட்டுக்கு ஓடிக் கதிர்வேலிடம் சொன்னாள். அவன் ஏன் எதற்கு என்று கேட்காமல் வண்டியைக் கொண்டுவந்தான். இருவரும் கம்பளியோடு அவரைத் தூக்கிக் கிடத்தினார்கள். பாதி வழியில் ஆம்புலன்ஸ் எதிரே வந்தது. கொடைக்கானலில் ஆக்ஸிஜன் வைத்து, அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் காலையில் இறந்துபோனார். அன்றைய விதிப்படி உடல் ஊருக்கு வரவில்லை. மதுரையில் மருமகன் மட்டும் தூரத்தில் நின்று பார்த்தான். பாப்பம்மாள் வீட்டுக்குள் தனிமையில் இருந்தாள். அவளுக்கும் தொற்று என்று வந்திருந்தது.

சேனாதிபதி இரண்டு வரி எழுதிக் கொடுத்தார்: ஒன்று மணியன் இறந்தது, மற்றது பாப்பம்மாளுக்குத் தொற்று வந்தது. வேலுத்தாய் முதல் வரியை மட்டும் வாசித்தாள். மைக்கை அணைத்துவிட்டு நேரே மேலத்தெருவுக்குப் போனாள். ஜன்னல் பாதி திறந்திருந்தது. உள்ளே பாப்பம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“மதினி, உங்க பேர நான் வாசிக்கல.”

பாப்பம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். பிறகு, அழாமல், பக்கத்து வீட்டுச் சேதி சொல்வதுபோலச் சொன்னாள்.

“அவரு சீக்குக்குப் பயப்படல. ஆண்டிச்சாமி வாசல்ல தகரம் அடிச்சாங்கள்ல, அதப் பாத்துத்தான் பயந்தாரு. நம்ம வாசல்லயும் அடிச்சா பூண்டு யாரு நடுவான்னு கேட்டாரு. என்னயக் காட்டுல கொண்டுபோயி விட்ருன்னு அவருதான் சொன்னாரு. நானும் விட்டுட்டு வந்தேன்.”

வேலுத்தாய் ஜன்னலை நெருங்கினாள். அன்று தொட்டிக்காகக் கேட்டு வந்தபோதே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பாரோ என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பாப்பம்மாள் ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

மறுநாள் அவள் சேனாதிபதியிடம் போய் இனிமேல் பெயர் வாசிக்க மாட்டேன் என்றாள். அவர் கோபப்பட்டார். வேறு ஆளை வைத்து வாசிப்பேன் என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, வார்டு உறுப்பினர்களையும் தெருவுக்கு இரண்டு பேரையும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச் சொன்னார். முகக்கவசத்தோடு தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். பேசியவர்களில் பலர் தலைவர் பக்கம்தான். எந்த வீட்டில் இருக்கிறது என்று தெரியாமல் எப்படி எச்சரிக்கையாக இருப்பது, வீட்டில் வயசாளிகள் இருக்கிறார்கள் என்று ஒரு பெண் கேட்டாள். அது நியாயமான கேள்வி. வேலுத்தாய் எழுந்து நின்றாள். தன்னிடம் இருந்ததைச் சொன்னாள்.

“எம் புருசனுக்கும் காய்ச்சல் வந்துச்சு. ஒம்பது பத்து நாளாச்சு. மைக்கு எங்கையில இருந்துச்சு, நான் வாசிக்கல. ஒங்க கையில மைக்கு இல்ல. அதனால காட்டுல கொண்டுபோயி ஒளிச்சு வைக்கிறீங்க. ரெண்டும் ஒண்ணுதான்.”

கூட்டத்தில் சத்தம் எழுந்தது. தெரு ஆளாக வந்திருந்த கதிர்வேலின் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து இன்னும் தள்ளிப் போனார்கள். எத்தனை வீட்டு மூட்டையைத் தொட்டாய் என்று ஒருவர் அவனைக் கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவனைக் கேட்காமலே அவள் அதைச் சொல்லியிருந்தாள். அந்தக் கோபம் அவனுக்குப் பல மாதம் இருந்தது.

சத்தம் அடங்கியதும் ஆண்டிச்சாமி எழுந்தார். சீக்கு வந்தவர்கள் தாங்களாகச் சொன்னால் போதும், பெயர் மைக்கில் வரவேண்டாம் என்றார். பக்கத்து இரண்டு வீட்டுக்கு மட்டும் வேலுத்தாய் நேரில் போய்ச் சொல்லட்டும். அந்த வீட்டு வெள்ளாமையை ஊர் எடுத்துக் கொடுக்க வேண்டும்; தன் கேரட் போனதுபோல இன்னொருவருக்குப் போகக்கூடாது, முதல் ஆளாகத் தான் வருவதாகச் சொன்னார். யாரும் கை தூக்கவில்லை. மறுக்கவும் இல்லை. அப்படியே முடிவானது.

மறுநாள் காலை வேலுத்தாய் ஊரில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்ற எண்ணிக்கையை மட்டும் வாசித்தாள். தகரங்களைச் சில வீட்டில் அவிழ்த்தார்கள். சில வீட்டில் அடித்தவர்கள் அவிழ்க்க விடவில்லை. பீன்ஸ் பறிக்க ஏழு பேர் வருவதாகச் சொன்ன இடத்துக்கு மூன்று பேர் வந்தார்கள். ஆண்டிச்சாமி வந்தார். பத்து நாளுக்குள் பதினோரு பேர் தாங்களாக வந்து காய்ச்சல் என்று சொன்னார்கள். அவர்களில் ஒரு முதியவரைக் காப்பாற்ற முடியவில்லை. மற்றவர்கள் பிழைத்தார்கள். கதிர்வேலின் வண்டிக்கு ஒரு மாதம் லோடு இல்லை.

ஊரடங்கெல்லாம் தளர்ந்து, அக்டோபர் இரண்டாம் தேதி கிராமசபை கூடியது. ரோடு, தெருவிளக்கு, குப்பைக் கிடங்கு என்று தீர்மானங்கள் போய்க்கொண்டிருந்தன. பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையிலிருந்து பாப்பம்மாள் எழுந்தாள். அதுவரை எந்தக் கிராமசபைக்கும் வந்து அவள் வாய் திறந்ததில்லை.

“எங்க வீட்டுக்காரரு எதனால செத்தாருன்னு அந்தப் புஸ்தகத்துல எழுதணும்.”

செயலர் பேனாவை வைத்துவிட்டு, தீர்மானப் புத்தகத்தில் ஊருக்கு வேண்டிய வேலைகளைத்தான் எழுத முடியும், இறப்புக்கு வேறு பதிவு இருக்கிறது என்று விளக்கினார். சேனாதிபதி, நடந்ததை இப்போது கிளறி என்ன ஆகப்போகிறது என்று தணிவாகச் சொல்லிப் பார்த்தார். அவள் உட்காரவில்லை.

“ஆசுபத்திரிச் சீட்டுல கொரோனான்னு போட்டுருக்கு. அது பாதிதான். மீதிய யாரு எழுதுவா?”

வேலுத்தாய் எழுந்தாள்.

“எழுதுங்க சார். பேர் வாசிச்சதால பயந்து ஒளிஞ்சாருன்னு எழுதுங்க. வாசிச்சது வேலுத்தாய்னு போடுங்க. நான் கையெழுத்துப் போடுறேன்.”

செயலர் தலைவரைப் பார்த்தார். சேனாதிபதி வேட்டி நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதும்படி கையைக் காட்டினார். இந்த ஊராட்சியில் நோயுற்ற எவருடைய பெயரையும் பொதுவில் அறிவிக்கக்கூடாது என்று தீர்மானமாகவே எழுதினார்கள். அதற்குக் காரணமாக, மணியன் காட்டுக் குடிசையில் ஒளிந்திருந்து சிகிச்சை பிந்தி இறந்ததைக் குறித்தார்கள். வாசித்தவள் பெயரையும் போட்டார்கள். வாசிக்கச் சொன்னவர் பெயர் வரவில்லை. வேலுத்தாய் அதைக் கவனித்தாள், கேட்கவில்லை. சேனாதிபதி கையெழுத்துப் போட்டுவிட்டுக் கூட்டம் முடியும் முன்பே கிளம்பிவிட்டார்.

பாப்பம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னாள். செயலர் வாசித்தார். இன்னொரு தடவை என்றாள். அவர் திரும்பவும் வாசித்தார். கணவன் பெயர் வந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு கைநாட்டு வைத்து, விரலில் ஒட்டிய மையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள்.

வேலுத்தாயுடன் அவள் இன்றுவரை பேசுவதில்லை. தெருவில் எதிரே வந்தால் வேலுத்தாய் ஒதுங்கி வழி விடுகிறாள். பாப்பம்மாள் கடந்து போகிறாள்.