தொண்டியிலிருந்து நாலு விமானம்

எங்கள் வீட்டில் சபர், அதாவது பிழைக்க வெளிநாடு போவது, என்றால் ஆண்கள் போவதுதான். அத்தா குவைத்தில் இருந்தார். அண்ணன்மார் இரண்டு பேரும் சவூதிக்குப் போனார்கள். நான் கட்டிக்கொண்ட மச்சான் ரியாதில் பதினாறு வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பினார். அதனால் விமான நிலையத்துக் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று கையாட்டுவதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே நல்ல பழக்கம். திருச்சியில் எந்தத் தூணுக்குப் பக்கம் நின்றால் உள்ளே போகிற ஆள் கடைசி வரைக்கும் தெரிவார் என்றுகூட எனக்குத் தெரியும். அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதுதான் தெரியாது. நாற்பத்தோரு வயதில் நானே அப்பால் போனேன்.

நான் நர்ஸ். தொண்டியிலிருந்து ராமநாதபுரத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கூட வேலை பார்த்த பெண் ஒருத்தி நியூசிலாந்துக்குப் போனதைப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. இங்கிலீஷ் பரீட்சையில் இரண்டு தடவை தோற்று மூன்றாவது தடவை தேறினேன். அந்த நாட்டின் தெற்குத் தீவில், கடலோரச் சிற்றூர் ஒன்றில், முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. நான் முதலில் போவது, மச்சானும் மகளும் பின்னால் வருவது என்று ஏற்பாடு.

டிக்கெட் வந்தபோது அதில் நாலு விமானம் இருந்தது. மதுரையிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து ஆக்லாந்து, கடைசியாக அந்தச் சிற்றூர். மச்சானுக்கு ஒரே விமானத்தில் போய் இறங்கித்தான் பழக்கம். ஆனாலும் விமானம் ஏறிய அனுபவசாலி வீட்டில் அவர் ஒருத்தர்தானே. சாப்பாட்டு மேசையை இழுத்துப் போட்டு, பத்தாவது படிக்கும் மகளை அதிகாரியாக உட்காரவைத்து, என்னைப் பையோடு வாசலிலிருந்து நடந்து வரச் சொன்னார். மகள் பாஸ்போர்ட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, எங்கள் நாட்டுக்கு எதற்கு வருகிறாய் என்று கடுமையாகக் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதிகாரி முன்னால் சிரித்தால் சந்தேகப்படுவார்கள் என்று மச்சான் மறுபடியும் வாசலுக்கு அனுப்பினார்.

பயணம் சொல்ல இரண்டு பேருமாகச் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போனோம். ஒரு பெரியம்மா மச்சானின் தலையில் கைவைத்து துஆச் செய்துவிட்டு, வயசான காலத்தில் மறுபடியும் எதற்குப் போகிறாய் என்று கண்கலங்கினார்.

"நான் போகல பெரியம்மா, இவதான் போறா. நான் வழியனுப்பத்தான்," என்றார் மச்சான்.

பெரியம்மா கையை எடுத்து என் தலையில் வைத்தார். துஆவை முதலிலிருந்து ஓத ஆரம்பித்தார்.

டிசம்பர் மாதம். மதுரை விமான நிலையத்துக்குக் காலையிலேயே வந்து சேர்ந்துவிட்டோம். அழக்கூடாது என்று மூன்று பேரும் பேசிவைத்திருந்தோம், அழவும் இல்லை. பெட்டியைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், மச்சான் கண்ணாடிக்கு வெளியே வேறு திசையைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டு நிற்கிறார். பாவம், வெளியே நின்று அவருக்குப் பழக்கமே இல்லை. மகள்தான் அவருடைய தோளைப் பிடித்து என் பக்கம் திருப்பிவிட்டாள்.

விமானம் ஓடுபாதையில் வேகம் பிடித்தபோது என் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று துள்ளியது. பயம் என்று நினைத்து பிஸ்மில்லா சொன்னேன். சக்கரம் தரையை விட்டதும்தான் தெரிந்தது, அது பயமில்லை, சந்தோஷம். இடது பக்க ஜன்னல் சீட். கருவேலங்காடும் கண்மாய்களும் போய், சாயல்குடிப் பக்கத்து உப்பளங்கள் கட்டம் கட்டமாக வந்தன. அதற்கப்புறம் கடல். தூரத்தில் ராமேஸ்வரம் தீவு நீட்டிப் படுத்திருந்தது. தனுஷ்கோடிப் பக்கம் ஒரு நூல் அளவுக்கு மெலிந்து தண்ணீருக்குள் போய்விட்டது. பஸ்ஸிலும் வேனிலும் எத்தனையோ தடவை போன இடம். இப்படி ஒரு வடிவம் அதற்கு இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிக் காட்டலாமா என்று யோசிப்பதற்குள் மேகம் வந்து மூடிவிட்டது.

கொழும்பில் அடுத்த விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். சிங்கப்பூரில் இறங்கியபோது ஆக்லாந்து விமானத்துக்கு ஒரு மணி நேரம்தான் மிச்சம் இருந்தது. மகள் எழுதிக் கொடுத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதில் இருந்த வாசல் எண்ணும் பலகையில் இருந்த எண்ணும் வேறுவேறாக இருந்தன.

அப்போதுதான் அந்த அக்காவைப் பார்த்தேன். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சேலை, காலில் வெள்ளை ஸ்போர்ட்ஸ் ஷூ, கைப்பையில் ஆக்லாந்து என்று எழுதிய சீட்டு. கொழும்பிலிருந்து என்னோடு அதே விமானத்தில் வந்தவர். அந்த ஷூவையும் நடையையும் பார்த்தால் வருஷத்துக்கு நாலு தடவை போய்வருகிறவர் மாதிரி இருந்தது. பேசாமல் அவர் பின்னாலேயே போனேன். அவர் ஓர் இடத்தில் நின்றதும் நானும் நின்றேன். நான் நடந்ததும் அவரும் நடந்தார். இப்படியே ஒரு படிக்கட்டில் இறங்கி நீளமான வரிசையில் நின்றோம். வரிசை மெதுவாக நகர்ந்தது. எங்கள் முறை வந்தபோது அதிகாரி டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, நீங்கள் ஏன் சிங்கப்பூருக்குள் போகிறீர்கள், உங்கள் விமானம் மேலே வேறு கட்டடத்தில் நிற்கிறது, உடனே போங்கள் என்றார்.

"அக்கா, நீங்க முன்னாடி வந்திருக்கீங்கள்ல?" என்று கேட்டேன்.

"இல்லைப் பிள்ளை, இதுதான் முதல் தரம். உங்களுக்கு வழி தெரியுமெண்டு நினைச்சுத்தான் நான் பின்னால வந்தனான்."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இருந்த நேரத்தில் கொஞ்சத்தைச் சிரித்தே செலவழித்தோம். பிறகு ஓடினோம். அக்கா சேலைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். எனக்குத் தலைத்துணி நழுவி நழுவி விழுந்தது. ஓட்டுநர் இல்லாத குட்டி ரயிலில் ஏறி, இறங்கி, நகரும் பாதையிலும் ஓடி, வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே வரிசை என்று எதுவுமே இல்லை. கடைசி இரண்டு பேர் நாங்கள்தான். எங்களுக்குப் பின்னால் கதவை மூடினார்கள். மூச்சு வாங்க நின்ற எங்களுக்கு விமானப் பணிப்பெண் கேட்காமலே தண்ணீர் கொடுத்தாள்.

அக்கா பக்கத்தில் இருந்தவரிடம் சைகையிலேயே பேசி இடம் மாற்றிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஊர் எது என்று கேட்டதற்குத் தலைமன்னார் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தனுஷ்கோடிக்கு நேர் எதிர்க்கரை. ராமநாதபுரத்துக்கு நான் தினமும் பஸ்ஸில் போகிற தூரம்கூட இருக்காது. அக்கா சின்னப் பிள்ளையாக இருக்கும்போது இருட்டின பிறகு கரையில் நின்று, அங்கே வானத்தில் தெரிகிற வெளிச்சம் ராமேஸ்வரம் என்று வீட்டில் காட்டுவார்களாம். எதிரெதிர்க் கரையில் வளர்ந்த இரண்டு பேர் பேசிப் பழக சிங்கப்பூர் வரைக்கும் வரவேண்டியிருந்தது. ஆக்லாந்தில் இருக்கும் மகனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, பேரனைத் தூக்கப் போகிறேன் என்றார். பத்து மணி நேரத்தில் நாங்கள் தூங்கியது ஒரு மணி நேரம் இருக்கும். மீன் பெயர்களை வைத்தே பாதிப் பேச்சு ஓடியது. எங்கள் ஊரில் சொல்கிற பெயருக்கும் அவர்கள் ஊரில் சொல்கிற பெயருக்கும் சிலதில்தான் வித்தியாசம்.

ஆக்லாந்தில் சாப்பாட்டுச் சாமான் எதையும் மறைக்கக்கூடாது என்பதால் படிவத்தில் எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். பெட்டியைத் திறந்த அதிகாரி உயரமான மனிதர். நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்து மோந்து பார்த்தார். பிறகு அக்காவின் பெட்டியைத் திறந்தார். அதிலும் கருவாடு. நீங்கள் இரண்டு பேரும் ஒரே குடும்பமா என்று கேட்டார். அக்கா தயங்காமல் ஆமாம் என்று தலையாட்டிவிட்டார். கருவாடு போகலாம் என்றார் அதிகாரி. ஊரில் என் அம்மா ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்த கறிவேப்பிலையை மட்டும் எடுத்துக்கொண்டார். அதற்காக மன்னிப்பும் கேட்டார்.

வெளியே அக்காவின் மகன் கைக்குழந்தையோடு நின்றார். அக்கா பெட்டி, பை எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டுப் போய்க் குழந்தையை வாங்கினார். நான் விலகிப் போகப் பார்த்தேன். அவர் விடவில்லை. மகனைக் கூப்பிட்டு, இந்தப் பிள்ளை இல்லையெண்டால் நான் இன்னும் சிங்கப்பூரில்தான் நிப்பன் என்றார். உண்மையில் இரண்டு பேரும் சேர்ந்துதான் வழி தவறினோம் என்று சொன்னால் அவர் கேட்பதாக இல்லை. மகன் என் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்நாட்டு விமானம் ஏறும் இடம் வரைக்கும் வந்து விட்டுப் போனார்.

நாலாவது விமானம் சின்னது. இறக்கையில் காற்றாடி சுற்றுகிற வகை. உள்ளே ஏறுவதற்குள்ளேயே நாலு பேர் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டார்கள். பாதி வழியில் கடலோரமாக ஒற்றை மலை ஒன்று வந்தது, உச்சியில் மட்டும் பனி. நான் பார்த்த முதல் பனி அது. இந்தத் தடவை பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டே காட்டினேன். அந்த ஊர்க்காரர் அவர், அதை நூறு தடவை பார்த்திருப்பார். இருந்தும் என்னோடு சேர்ந்து எட்டிப் பார்த்தார்.

முதியோர் இல்லத்தின் மேலாளர் அம்மா என்னை அழைத்துப்போக வந்திருந்தார். நான் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு நின்றேன், அவர் கையில்லாத சட்டையில் இருந்தார். அங்கே அது கோடைக்காலமாம். களைப்பாக இருக்கும், இரண்டு நாள் தூங்கு என்றார். எனக்குத் தூக்கம் வருகிற மாதிரியே இல்லை. ஒரு பிலிப்பைன்ஸ் நர்ஸோடு சேர்ந்து தங்க வீடு கொடுத்தார்கள். அவள் சோறு வடித்து வைத்திருந்தாள். என் கருவாட்டை வறுத்தோம். வாசனைக்கு அவள் முகம் சுளிப்பாள் என்று பயந்தேன். அவளோ, எங்கள் ஊரிலும் இது உண்டு என்று தட்டை நிறைத்துக்கொண்டாள்.

ஒன்பது மணி ஆகப்போகிறது, பொழுது அடைந்ததும் தொழுகிற மஃரிபுக்கு இன்னும் நேரம் வரவில்லை. வெயில் மரத்தின் மேல் அப்படியே நின்றது. வீட்டுக்கு வீடியோவில் கூப்பிட்டேன். மச்சான் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார், மகள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். போனைத் திருப்பி வெயிலைக் காட்டினேன்.

"இப்ப அங்கன மணி என்ன புள்ள?"

"ராத்திரி ஒம்பது மச்சான்."

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பதினாறு வருஷச் சபரில் இப்படி ஒன்றைத் தான் பார்த்ததே இல்லை என்றார். அவருக்குத் தெரியாத ஒன்றை நான் அவருக்குச் சொன்ன முதல் நாள் அது. மகள் தனக்கு எப்போது டிக்கெட் என்று கேட்டாள். அதற்கப்புறம் எட்டு மாதம் ஆனது அவர்கள் வர.

தொழுதுவிட்டுக் கதவைத் திறந்து தெருவில் இறங்கினேன். பிலிப்பைன்ஸ்காரி செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தாள். எங்கே போகிறாய் என்று கேட்டாள். தெரியாது, கடல் எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவள் கையைக் காட்டினாள், நடந்தோம்.