கண்ணாடி எழுத்து என்று நான் சொன்னது

படம் எப்போதும் எழுத்தைப் பார்த்து நிற்க வேண்டும். விளம்பர நிறுவனத்தில் பத்து வருடம் பக்கம் வடிவமைத்தவளுக்கு இது மூச்சு விடுவது மாதிரி. எழுத்து இடப்பக்கம், படம் வலப்பக்கம் என்றால் படத்தில் இருக்கும் ஆளோ காரோ இடப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே சொடுக்கில் படத்தைத் திருப்பிவிடலாம். காருக்கு இடம் எது, வலம் எது? யாரும் கேட்டதில்லை.

பிறகு ஒரு தனியார் வடிவமைப்புக் கல்லூரியில் பகுதிநேர ஆசிரியை ஆனேன். முன்பிருந்தவர் பாதியில் விட்டுப் போன இஸ்லாமியக் கலை, கட்டடக்கலை வரலாற்றுப் பாடத்தை என் தலையில் கட்டினார்கள். முடியுமா என்று கேட்டபோது முடியும் என்றேன். நான் போகாத ஊர்கள், எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. வாய்தான் என்னைப் பல இடங்களில் கொண்டுபோய் விட்டிருக்கிறது.

என்னைக் காப்பாற்றியது இணையம். அருங்காட்சியகங்கள் தங்கள் சேகரிப்பையே திறந்து வைத்திருந்தன. பல்கலைக்கழகங்களின் பழைய புகைப்படத் தொகுப்புகள் இருந்தன. ஒரு தளத்தில் குவிமாடத்தின் அடியில் நின்று அண்ணாந்து சுற்றிப் பார்ப்பதுபோல் பார்க்கலாம். சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக் வீட்டில் சோற்றை வைத்துவிட்டு அங்கே போய்விடுவேன். சோறு குழைந்த நாள்கள் உண்டு. மாணவர்களிடம் ஒரு விஷயத்தில் மட்டும் ரொம்பக் கறாராக இருந்தேன். எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்ல முடியாத எதையும், படமோ தகவலோ, என் முன்னால் கொண்டுவரக் கூடாது.

இரண்டாம் வருடம் துறைத்தலைவர் என் வகுப்பில் வந்து உட்கார்ந்தார். என் ஒப்பந்தத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் அவர். சீனர். கத்தி மாதிரி பேசுவார். கடைசி வரிசையில், மடியில் நோட்டோடு.

முதல் வரிசையில் வழக்கம்போல் அந்தப் பெண் இருந்தாள். வகுப்பில் என்னைத் தவிர தமிழ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். வீடு மார்சிலிங்கில். சின்ன வயதில் வார இறுதி மதரசாவுக்குப் போய் குர்ஆன் ஓதப் படித்தவள். இருவரும் தமிழர்கள்தான் என்றாலும் வகுப்பில் தமிழ் பேசிக்கொண்டது கிடையாது.

நான்காவது படம் திரையில் வந்தது. ஒரு பள்ளிவாசல் சுவரில் நீல ஓடுகளின் மேல் வெள்ளை எழுத்து வரிசை. பக்கவாட்டிலிருந்து எடுத்த புகைப்படம். சுவர் வலப்பக்கமாகக் குறுகிக்கொண்டே போகும். நான் ஓடு சுடும் முறையை விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் முன்னால் சாய்ந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"மிஸ், எழுத்து திரும்பி இருக்கு."

திரும்பிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வளைவும் கோடும் புள்ளியும் எப்போதும்போல அழகாகத்தான் இருந்தன. பிறகுதான் உறைத்தது. மூலப் படத்தில் சுவர் இடப்பக்கமாகக் குறுகியது. சுவர் திரையில் நான் போட்டிருந்த விளக்க எழுத்துக்கு முதுகைக் காட்டுகிறதே என்று நான்தான் அதைத் திருப்பி வைத்தேன். வேதவாக்கியம் எழுதிய சுவரை, காரைத் திருப்புகிற மாதிரி.

அவள் ஏன் தமிழில் சொன்னாள் என்பது அந்த நொடியே எனக்குப் புரிந்தது. கடைசி வரிசையில் இருப்பவருக்குத் தெரியாமல் நான் சரி செய்துகொள்ளட்டும் என்று வழி விட்டாள். "தேங்க்ஸ்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போயிருந்தால் போதும். ஆனால் துறைத்தலைவர் பேனாவை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார். நான் குரலை உயர்த்தி, ஆங்கிலத்தில், வகுப்பு முழுவதற்கும் சொன்னேன்: நல்ல கேள்வி, இந்த எழுத்து திரும்பித்தான் இருக்கிறது, இதற்குக் கண்ணாடி எழுத்து என்று பெயர், இது ஒரு தனிக் கலை.

அப்படி ஒரு கலை உண்மையிலேயே உண்டு. முந்தைய வாரம்தான் அதைப் பற்றிப் படித்திருந்தேன். பொய் சொல்ல அதுதான் வசதியாகப் போயிற்று. அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு குனிந்து எழுதிக்கொண்டாள்.

வகுப்பு முடிந்ததும் துறைத்தலைவர் கை குலுக்கினார். கண்ணாடி எழுத்து பற்றி இத்தனை வருடத்தில் கேள்விப்பட்டதே இல்லை என்றார். அன்று மாலையே கல்லூரியின் இணையப் பக்கத்தில் ஏற்றியிருந்த பாடத்தைத் திறந்து, படத்தை நேராக்கி, பழையதை அழித்தேன். ஒரு வரி விளக்கம்கூடப் போடவில்லை. பூசி மெழுகியாயிற்று என்று நிம்மதியாகக் காப்பி போட்டுக் குடித்தேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் குடித்தேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை, துறைத்தலைவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. பாடத்தின் இணையப் பக்கத்தை வெள்ளிக்கிழமை பொதுமக்களுக்குத் திறக்கப்போகிறார்கள். மாதிரிக்கு ஒரு மாணவர் கட்டுரையைப் பெயரோடு போட வேண்டும். அவர் தேர்ந்தெடுத்தது அவளுடைய கட்டுரை. தலைப்பு: கண்ணாடி எழுத்து.

ரயிலில் நின்றுகொண்டே படித்தேன். நன்றாக எழுதியிருந்தாள், அதுதான் கொடுமை. உண்மையான கண்ணாடி எழுத்தில் நேரான எழுத்தும் திரும்பிய எழுத்தும் முகத்தோடு முகம் பார்த்து நிற்கும் என்பதை அவளே தேடிக் கண்டுபிடித்திருந்தாள். என் படத்திலோ திரும்பியது மட்டும்தான் இருந்தது. நேரான பாதி எங்கே? என்றோ பெயர்ந்து விழுந்திருக்க வேண்டும் என்று எழுதி, அதற்கு மூன்று காரணங்களும் கொடுத்திருந்தாள். என் பொய் விழாமல் இருக்க அவள் இல்லாத சுவர் ஒன்றைக் கட்டிவிட்டாள். அடிக்குறிப்பில், நான் கற்றுக்கொடுத்த அதே ஒழுங்கில், ஆதாரம் குறித்திருந்தாள்: வகுப்பில் ஆசிரியை சொன்னது.

வெள்ளிக்கிழமை அது உலகத்தின் முன்னால் போகும். அரபு படிக்கத் தெரிந்த எவரும் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். சிரிக்கப்போவது அவள் பெயரைப் பார்த்து.

தப்பிக்க வழி இருந்தது, மறைப்பானேன்? 'ஆதாரம் போதாது' என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தால் போதும், கட்டுரை தானாகப் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். அந்த இரண்டு சொல்லைத் தட்டியும் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. அழித்தேன்.

வியாழன் சாயங்காலம் தேக்கா உணவங்காடிக்கு வர முடியுமா என்று அவளுக்குச் செய்தி அனுப்பினேன். லிட்டில் இந்தியா நிலையத்தின் நகரும் படியில் நின்றபடியே துறைத்தலைவருக்கு நடந்ததை முழுசாக எழுதி அனுப்பினேன். மேலே போனபிறகு பின்வாங்கிவிடுவேன் என்று பயம். என்னை எனக்குத் தெரியாதா? ஒப்பந்தத்தைப் பிறகு ஆறு மாதத்துக்கு மட்டும் நீட்டினார்கள், அது வேறு கதை.

அவள் எனக்கு முன்பே வந்து, இரண்டு கிளாஸ் தே தாரிக் டீ வாங்கி வைத்திருந்தாள். கட்டுரையைப் பாராட்டத்தான் கூப்பிட்டேன் என்று நினைத்திருக்கிறாள், முகத்தில் அந்தச் சிரிப்பு. உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

"அது கண்ணாடி எழுத்து இல்லம்மா. நான்தான் படத்தத் திருப்பிட்டேன். நீ சொன்னதும் எனக்குத் தெரிஞ்சிருச்சு. சார் இருந்தாரேன்னு பொய் சொல்லிட்டேன்."

அவள் கிளாஸைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள்.

"புதுசா ஏத்துன படம் நேரா இருந்துச்சு மிஸ். பார்த்தேன். யாரோ தெரியாம மாத்திட்டாங்கன்னு நெனச்சேன். உங்ககிட்ட சொல்லணும்னுகூட இருந்தேன். கட்டுரைல வகுப்புல ஃபோன்ல எடுத்து வச்சிருந்த படத்தத்தான் போட்டேன்."

"மன்னிச்சிரும்மா."

"அது ஓகே லா மிஸ்." ஓகே இல்லை என்பது குரலிலேயே இருந்தது. "ஆனா அத்தாகிட்ட சண்டை போட்டுட்டேன். படத்தப் பார்த்ததுமே, இது தப்பு, திருப்பி ஒட்டியிருக்காங்கன்னு சொன்னாங்க. உங்களுக்கு ஆர்ட் பத்தி என்ன தெரியும்னு கேட்டுட்டேன். ரெண்டு நாளா நான் அவங்ககூட சரியாவே பேசல மிஸ்."

அத்தா என்று அவள் சொல்வது அப்பாவை. அவரிடம் நானே பேசுகிறேன், எண்ணைப் போட்டுக் கொடு என்றேன். பக்கத்தில் யாரோ ரொட்டி பராட்டாவுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் அவள் அப்பா ஃபோனை எடுத்தபோது பின்னால் இரும்பை அடிக்கும் சத்தம் கேட்டது. கப்பல் பட்டறையில் வேலை. யார் என்று சொன்னதும், "ஒரு நிமிஷம் டீச்சர்" என்று சத்தமில்லாத இடத்துக்கு நடந்து வந்தார். மகளுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு மென்று விழுங்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் சொன்னதுதான் சரி, உங்கள் மகள் வகுப்பில் சொன்னதும் சரி, தப்பு முழுக்க என்னுடையது.

கோபப்படுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்படியா டீச்சர்" என்றார். "அஞ்சு வயசுலேர்ந்து குர்ஆன் ஓதுறேன். அந்த ஆயத்து எனக்கு மனப்பாடம். படத்தப் பார்த்ததுமே தப்புன்னு தெரிஞ்சுச்சு. ஆனா எம்புள்ள, மிஸ் சொன்னாங்கன்னு சொல்லுச்சு. நீங்க காலேஜ்ல பாடம் நடத்துறவங்க. எனக்குத்தான் தெரியலபோலன்னு, நான் அன்னைக்கே அதுகிட்ட ஸாரி கேட்டுட்டேன் டீச்சர்."