சொந்த மூச்சைத் திருடியவள்

"உங்க கீச்சு யார் பாட்டையோ திருடி மாட்டிக்கிட்டாளாமே?" என்று என் ஓரகத்தி தொலைபேசியில் கேட்டாள். அவளுக்கு அவளுடைய பல் டாக்டர் சொன்னாராம்; அவருக்கு அவர் மகன் சொன்னானாம். கடல் தாண்டி இருப்பவர்களுக்கு ஊர்ச் செய்தி இப்படிப் பல வாய் மென்ற பிறகுதான் வந்து சேரும். கிடைத்த விடுமுறையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

கீச்சு என் சித்தி மகள். கதவோ நாற்காலியோ, எது கீச்சிட்டாலும் ஓடிப்போய் டேப்பில் பிடித்துவைத்ததால் சின்ன வயதில் ஒட்டிக்கொண்ட பெயர். வளர்ந்த பிறகு கணினியில் பாட்டுக் கட்டினாள். எழுதுவது, பாடுவது, ஒலி சேர்ப்பது எல்லாம் அவளே. பின்பக்க அறையில் மெத்தையைச் சுவரில் சாய்த்து, ஜன்னலைப் போர்வையால் அடைத்து, துணி அலமாரிக்குள் தலையை விட்டுப் பாடுவாள். பாடி முடித்ததும் சொற்களை வெட்டி எறிந்துவிட்டு, இடையிடையே இழுத்த மூச்சை மட்டும் வைத்துக்கொள்வாள். அதை நீட்டி, நசுக்கி, சுருதி ஏற்றி மெட்டாக்குவாள். மூலப்பதிவை உடனே அழித்துவிடுவாள். இருந்தால் நோண்டிக்கொண்டே இருக்கத் தோன்றுமாம். அழிப்பதற்கு முன் ஒரு பிரதி மட்டும் அவள் அக்காவுக்குப் போகும்.

முதல் பாட்டைக் கேட்ட சித்தப்பா பொறுமையாக உட்கார்ந்திருந்தார்.

"எப்பம்மா ஆரம்பிக்கும்?"

"முடிஞ்சிடுச்சுப்பா."

"அப்ப நல்லாத்தான் இருக்கு" என்று எழுந்துபோனார்.

வயிற்றுப்பாட்டுக்கு ஓர் இணையவழிக் கல்வி நிறுவனத்தில் வேலை பார்த்தாள். பேராசிரியர்களின் பதிவுகளிலிருந்து இருமல், கனைப்பு, மூச்சு அத்தனையையும் நீக்க வேண்டும். "பகல்ல வெட்டுறேன், சாயங்காலம் ஒட்டுறேன்" என்பாள்.

அவளுக்கு நாலு பேரிடம் பேச வராது. அக்காவோ கல்லையும் பேசவைப்பவள். அதனால் இசை நிறுவனங்களின் படி ஏறி இறங்குவது அக்கா பொறுப்பு. "பாட்டு ரிப்பேர்ல இருக்கிற மாதிரி இருக்கே" என்றார் ஒருவர். ஆனால் பாட்டை விற்க வந்தவளின் பேச்சு அவருக்குப் பிடித்துவிட்டது. அக்காவுக்கு அங்கேயே வேலை கொடுத்து நாற்காலி போட்டார்கள். போகிற போக்கில் அக்கா, தன்னிடமிருந்த மூச்சுகளை மூட்டை கட்டி, துண்டு ஒலிகள் விற்கும் இணையக் கடை ஒன்றில் பெயர் போடாமல் தள்ளிவிட்டாள். தங்கையிடம் மூச்சு விடவில்லை.

பிறகு அந்த நிறுவனம் வளர்த்துவிட்ட பையனின் பாட்டு ஒன்று ஊரையே ஆட்டியது. கீச்சு அதை முதலில் கேட்டது செருப்புக்கடையில், ஒரு காலில் புதுச் செருப்போடு. பல்லவிக்கு முன்னால் ஒரு பெண் மூச்சு இழுக்கிறாள். முடிவில் மெல்லிய விசில். கீச்சுவின் மூக்கடைப்பு விசில் அது.

வேறொருத்தியாக இருந்தால் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றிருப்பாள். இவள் அந்த இணையக் கடையைத் தேடிப்பிடித்து, ஊரார் போலவே காசு கொடுத்துத் தன் மூச்சை வாங்கினாள். "என்னோடதுதானே, திரும்ப எடுத்துக்கிட்டேன்" என்றாள் என்னிடம். வருஷக்கணக்கில் அதை வைத்து ஒரு பாட்டுக் கட்டினாள். அவள் செய்ததிலேயே உருப்படி அதுதான்.

இணையப் பாட்டுத் தளத்தில் வெளியான அன்றே அதைத் தூக்கிவிட்டார்கள். பாட்டுகளை ஒப்பிடும் இயந்திரத்துக்குப் பையனின் பாட்டுத்தான் மூத்தது. திருட்டுப் பட்டம் வந்தது. "சொந்தமா மூச்சு விடக்கூடத் தெரியலையா?" என்று எவனோ எழுத, ஆயிரம் பேர் சிரித்தார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது பாட்டுத் தளத்திலிருந்து வெளிநாட்டு மொழியில் வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த மொழியில் படித்தவள் என்பதால் நான் வாசித்துச் சொன்னேன். மறுநாள் மாலைக்குள் நிரூபிக்காவிட்டால் அந்தப் பாட்டு மட்டுமல்ல, அவள் பெயரில் இனி எதுவும் அங்கே ஏறாது.

திரையில் வந்த தளத்து அதிகாரி நல்லவள்தான். "அதே மாதிரி ஒரு தடவை மூச்சு இழுத்துக் காட்டுங்களேன்" என்றாள்.

கீச்சு இழுத்தாள். சுத்தமாக வந்தது. மறுபடி இழுத்தாள். விசில் இல்லை. இடையில் மூக்கில் ஆபரேஷன் நடந்திருந்தது.

"மூலப்பதிவு யார்கிட்டயாவது இருக்கா?"

இருந்தது, ஓரிடத்தில்.

மறுநாள் காலையில் அக்காவை அழைத்தாள்.

"குப்பையில போட வேண்டியதைத்தான்டி கடையில போட்டேன்."

"அதை அவங்ககிட்டச் சொல்லுக்கா. பழைய பதிவை அனுப்பு, போதும்."

"அனுப்பினா எனக்கு இங்க வேலை இருக்குமா?"

"அனுப்பலைன்னா எனக்குப் பேரு இருக்குமா?"

"உன் பாட்டை யாருடி கேட்டாங்க, பேரு போறதுக்கு?"

"இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் டைம்க்கா" என்றாள் கீச்சு. பிறகு அக்கா, "சாயங்காலம் கூப்பிடு, யோசிச்சு வைக்கிறேன்" என்றாள்.

கீச்சு அன்று வேலைக்குப் போகவில்லை. வெயில் சாய்ந்ததும் தொலைபேசியை மேஜைமேல் வைத்து, எனக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி, எண்ணை அழுத்தினாள். மணி போனது.

"மீட்டிங்ல இருப்பா" என்றேன்.

"மீட்டிங்ல இருந்தாலும் எடுப்பாக்கா அவ. எடுத்து, 'அப்புறம் பேசுறேன்'னாவது சொல்லுவா."

தானாக அறுந்தது. மறுபடி அழுத்தினாள். மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, மணி போவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.