தொப்பியில் விழுந்த பெயர்

நோலா டீக் ஐம்பத்தெட்டு வயதுவரை யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. படிப்பைப் பாதியில் விட்டு, ஆல்டா ஊரின் சலவைக்கடையில் நுழைந்தவள். சட்டைக் கறையைப் பார்த்தே எந்த வீட்டில் குடி, எந்த வீட்டில் சண்டை என்று தெரிந்துகொள்வாள், வெளியே சொல்லமாட்டாள். ஈயச் சுரங்கத்துத் தூசி கணவனின் நுரையீரலைத் தின்று தீர்த்தபோதுகூட அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவள் வாயைத் திறக்கவைத்தது நெடுஞ்சாலை ஓரத்தில் நட்ட ஓர் இரும்புப் பலகை. ஊருக்குப் பெயர் வந்த கதையை அதில் வார்த்திருந்தார்கள். அந்தப் பெயர் அவளுடைய செத்துப்போன தங்கையின் பெயர். அதனால் திறப்பு விழாவில் பலகையை மூடிய துணியை விலக்க அவளையே அழைத்திருந்தார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தலை குனிந்து நின்றாள்.

வழக்கப்படி, துணியை விலக்குமுன் வரலாற்றுச் சங்கத் தலைவர் ராய்ஸ் பென்டன் வாசகத்தைப் படித்தார். "பெயரில்லாத இந்தக் குடியிருப்புக்குத் தபால் நிலையம் வந்தபோது, பெண்கள் ஆளுக்கொரு பெயர் எழுதித் தொப்பியில் போட்டனர். சுரங்க மேலாளர் பென்டன் ஒரு சீட்டை எடுத்தார். ஆல்டா என்னும் குழந்தையின் பெயருக்கு அதிர்ஷ்டம் அடித்தது."

கூட்டம் கைதட்டியது. நோலா கயிற்றை இழுக்கவில்லை.

"இழுங்க நோலா, விருந்துக்குச் சுட்ட ஆப்பிள் பலகாரம் ஆறுது," என்றார் ராய்ஸ்.

"விட்டா கயிறு அவளை இழுத்துடும்போல!" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

அதிர்ஷ்டமாம்! சுரங்கக் கழிவைக் கம்பெனி ஓடையில் விட்டது. அந்த ஓடைத் தண்ணீரைக் குடித்துத்தான் குழந்தை செத்தது. காய்ச்சல் என்று சொல்லி வாயை மூடினார்கள். எதிர்த்துப் பேசினால் புருஷன்மாருக்கு வேலை போகும். அதனால் பெண்கள் துணி துவைக்கும் இடத்தில் கூடி ஒரு முடிவெடுத்தார்கள். கம்பெனி அனுப்பும் ஒவ்வொரு கடிதத்திலும் அந்தக் குழந்தையின் பெயர் இருக்கட்டும் என்று, எல்லாச் சீட்டிலும் ஆல்டா என்றே எழுதினார்கள். மேலாளர் ஒன்றைத்தான் பிரித்தார். மற்றவற்றை அடுப்பில் கொட்டிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டார். அம்மாவின் பாவாடையைப் பிடித்தபடி நோலா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதிர்ஷ்டம் இல்ல," என்றாள் நோலா. தன் குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. "எல்லாச் சீட்டும் ஆல்டாதான். உங்க தாத்தாவோட ஓடைத்தண்ணி அவளைக் கொன்னுச்சு. அதுக்காகத்தான் எழுதினாங்க."

ராய்ஸ் முகம் சிவந்தார். "யார் சொன்ன கதை இது? அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதே இல்லையே."

"உங்க வீட்டுச் சட்டையைத் துவைச்சவங்க உங்ககிட்ட வந்து சொல்வாங்களா?"

பின்வரிசை மடக்கு நாற்காலியிலிருந்து கிழவி ஓப்பல் கைத்தடியை ஊன்றி எழுந்தாள். "டேய் ராய்ஸு, அவ அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அவளுக்கும் சேர்த்து நான்தான் எழுதினேன். உங்க தாத்தா அடுப்புல கொட்டுனது என் கையெழுத்துடா!"

யாரும் சிரிக்கவில்லை.

"வார்த்தாச்சு நோலா. இரும்பு இது, அழிச்சு எழுத முடியாது," என்று ராய்ஸ் குரலைத் தாழ்த்தினார்.

"அப்போ உருக்குங்க."

கயிற்றைக் கம்பத்தில் சுற்றி, மூட்டைக்குப் போடும் முடிச்சாக இறுக்கினாள். பலகாரத்தைத் தொடாமல் வீட்டுக்கு நடந்தாள்.

இரவோடு இரவாக யாரோ துணியை அவிழ்த்துவிட்டார்கள். காலையில் நோலா தன் படுக்கைவிரிப்பைக் கொண்டுவந்து கட்டினாள். அதையும் அவிழ்த்தார்கள். அன்று மாலை ஓப்பல் தன்னுடையதைக் கொடுத்தனுப்பினாள். அதற்கப்புறம் யாரும் கைவைக்கவில்லை. லாரிகள் வாரியிறைக்கும் புழுதியில் விரிப்பு அழுக்கானால் நோலா அவிழ்த்துக் கொண்டுபோய், துவைத்துக் கஞ்சி போட்டு, மறுபடி கட்டுகிறாள். அது காயும்வரை வேறொன்று தொங்கும். புது வாசகம் வரும்வரை அந்தப் பலகையை ஒருவரும் படிக்கப்போவதில்லை.