எரிந்தவனுக்கும் எண்பது வீத வரவு வேண்டும்

இன்று காலை பத்து மணிக்கு, நான் செத்துப்போனதற்கான கடிதத்தை நானே கொண்டுபோய்த் தர்க்கவியல் மேடத்தின் மேசையில் வைத்தேன்.

பதற வேண்டாம், உயிரோடுதான் இருக்கிறேன். (இருக்கிறேனா என்பதுதான் பிரச்சினையே.)

என்னைத் தெரியாதவர்களுக்கு: டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பையன். கெம்பஸில் முதலாம் வருஷம். பாடம் மெய்யியல். அதைப் படித்து என்ன வேலை கிடைக்கும் என்று கேட்பவர்கள் வரிசையில் நிற்கவும். முதல் ஆளாக என் மாமா நிற்கிறார்.

மெய்யியலைச் சிறப்புப் பட்டமாகச் செய்ய வேண்டுமென்றால் முதல் வருஷத்தில் தர்க்கவியல் பாஸாக வேண்டும். கட்டாயப் பாடம். அந்தப் பரீட்சைக்கு உட்கார எண்பது வீத வரவு வேண்டும்.

வராதவன் எழுத முடியாது. எழுதாதவன் பாஸாக முடியாது. நான் வராதவன். (முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், அதற்கும் மார்க்ஸ் உண்டு.)

ஏன் வரவில்லை? அம்மா வைத்த நேர்த்தி.

ஏ லெவல் ரிசல்ட் வருவதற்கு முன்பே, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், மகனுக்குக் கெம்பஸ் கிடைத்தால் மூன்று வருஷம், தோட்டத்தில் மாசிக்கு மாசி ஆடும் காமன் கூத்தில் மன்மதன் வேஷம் கட்டுவான் என்று வேண்டிக்கொண்டார். கெம்பஸ் கிடைத்தது. மாசி மாதமும் வந்தது.

கையில் காப்புக் கட்டிவிட்டால் கூத்து முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் நான் எங்கும் அசையவில்லை. தர்க்கவியலில் ஐந்து வகுப்பு போனது. கெம்பஸ் கிடைத்ததற்கு வைத்த நேர்த்தியால் கெம்பஸ் படிப்பே கையை விட்டுப் போகும் நிலைமை.

பொய் மெடிக்கல் சேர்ட்டிபிகேட் ஒன்று எடுத்துக் கொடுத்துவிடு என்றான் ரூம்மேட். பயமாக இருந்தது. மேடத்துக்குப் போன் எடுத்து உண்மையைச் சொன்னேன். கூத்தை நடத்தியவரிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னார்.

கூத்தை நடத்துபவர் எங்கள் காமன் மாஸ்டர். நாடகத்தில் நடித்தேன் என்று இரண்டு வரி எழுதித் தாங்க மாஸ்டர் என்றேன். பேனையை மூடி வைத்துவிட்டார்.

"காப்பு கட்டுனவன் நடிக்கிறவன் இல்ல தம்பி, அவன்தான் மன்மதன். பொய்க் கடதாசியில என்னால கையெழுத்து வைக்க ஏலாது."

பிறகு உண்மையை எழுதினார். கோயில் சீலும் குத்தினார்:

"மேற்படி மாணவர் சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் எரிக்கப்பட்டுச் சாம்பலான காரணத்தாலும், மூன்றாம் நாளே எம்மால் எழுப்பப்பட்ட காரணத்தாலும், வகுப்புகளுக்குச் சமூகமளிக்க முடியவில்லை என்பதை உறுதிப்படுத்துகிறேன்."

வேறு கடிதம் வாங்க நேரமில்லை. விடிகாலை பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன்.

மேடம் யாழ்ப்பாணத்துக்காரர். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். சிரிக்கவில்லை. (சிரிப்பு சிலபஸில் இல்லை.)

"அப்ப எனக்கு முன்னால நிக்கிறது ஆர்?"

"நான்தாங்க மேடம்."

"பதிவு செய்தவர் எரிஞ்சு போனார். எழும்பி வந்தவர் இங்க பதிவே செய்யேல்லை. ரெண்டு பேரும் ஒரே ஆள் எண்டு நிறுவும். இல்லாட்டி அடுத்த வருஷம் புதுசாப் பதிஞ்சு படியும்."

விளையாடுகிறாரா, நிஜமாகத்தான் சொல்கிறாரா என்று முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. என் மகன் ஸ்பெஷல் டிகிரி செய்கிறான் என்று அம்மா லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்.

அடையாள அட்டையை நீட்டினேன். அது கடதாசி என்றார். அதே உடம்புதான் மேடம் என்றேன். உடம்பு சாம்பலாகிவிட்டது என்று உம்முடைய மாஸ்டரே எழுதியிருக்கிறார் என்றார். பழையதெல்லாம் ஞாபகம் இருக்கிறது என்றேன். யாராவது சொல்லிக் கொடுத்திருக்கலாம் என்றார்.

கடைசியில் வேறு வழியில்லாமல் அம்மாவை இழுத்தேன்.

எரிய வேண்டிய அன்றைக்குத்தான் ரூம்மேட்டின் மெசேஜைத் தங்கச்சி சத்தமாக வாசித்துத் தொலைத்தாள். வரவு குறைகிறதாம், பரீட்சைக்கு விடமாட்டார்களாம். அம்மா தொடங்கினார்: "எம்பது வேணும்னு நீ ஏன்டா..." அதற்குள் தப்பு மேளம் அடித்துவிட்டார்கள். மாஸ்டர் என்னை இழுத்துக்கொண்டு போனார். நானும் எரிந்தேன்.

மூன்றாம் நாள் எழுப்பினார்கள். சனம் முழுக்கக் கையெடுத்துக் கும்பிடுகிறது. அம்மா கண்ணீரோடு வந்து, நெற்றியில் திருநீறு பூசி, காதுக்குள் சொன்னார்: "...மொதல்லயே சொல்லல?"

இதை அப்படியே மேடத்திடம் ஒப்பித்துவிட்டுச் சொன்னேன்:

"பாதியில விட்ட ஏச்ச அதே ஆளுகிட்டத்தானங்க மேடம் முடிக்க ஏலும்?"

மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு கடிதத்தின் மூலையில் ஏதோ எழுதிக் கையெழுத்து வைத்தார்.

"விடுபட்ட அஞ்சு வகுப்புப் பயிற்சியும் வெள்ளிக்கிழமை வேணும். எரிஞ்சவரும் எழும்பினவரும் சேர்ந்து செய்யுங்கோ."

ஒப்பீஸில் கொடுக்கப் போகும்போதுதான் வாசித்தேன்: "ஒரே ஆள். பரீட்சைக்கு அனுமதிக்கலாம். சாட்சி: தாயார்."

உடனே அம்மாவுக்குப் போன் எடுத்தேன். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். சொன்னதும் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறார் என்று தெரிந்தது.

"எல்லாம் அந்தச் சாமி காப்பாத்துனதுடா. இன்னும் ரெண்டு வருசம் இருக்கு, மறந்துடாத."

(மாட்டிவிட்டதும் அதே சாமிதான் என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.)

சீனியர்மாரே, இரண்டாம், மூன்றாம் வருஷங்களில் மாசி மாதம் வகுப்பே வைக்காத கட்டாயப் பாடம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் இன்பொக்ஸ் வாருங்கள்.

இல்லையென்றால், ஒவ்வொரு தரமும் எரிவதற்கு முன்னால் அம்மாவிடம் பாதி ஏச்சு வாங்கி வைக்க வேண்டும்.