நாலு குடத்தில் ஏறிய பம்பு

வாசிக்கிறவர்கள் என் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் பொறுக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஸ்டீயரிங் பிடித்த கை பேனைக்கு வளையாது. வாயால் சொல்லக் கூச்சம். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் தை மாதம், ஒரு ஞாயிறு விடிய ஐந்து மணிக்கு, பூசையையும் விட்டுவிட்டுக் கொட்டாஞ்சேனையில் இருந்து புறப்பட்டோம். வான், அதன் பின்னால் இரண்டு சில்லு ட்ரெயிலர், அதில் சாக்குச் சுற்றிய தண்ணீர்ப் பம்பு. என்னோடு மச்சான் சவரிமுத்து. ஏற்றத்தில் பின் சில்லுக்குக் கட்டை போடுவது அவன் வேலை. முதல் நாள், நான் டிரைவராய் இருக்கும் வெள்ளவத்தைக் கடையில் பம்பை ஏற்றும்போது பில் எழுதுகிற கிளாக்கர் சொன்னார்: "உது தோட்டத்து லயத்து வீடுகளில இருக்கிற கூலிச் சனத்துக்குத் தண்ணி குடுக்கிற மிசின். ரோட்டும் நல்ல ரோட்டு. பயப்பிடாமல் போம்."

ரோட்டைப் பற்றிய பொய் மத்தியானமே வெளிப்பட்டது.

களனி ஆற்றை இடப்பக்கம் வைத்து அவிசாவளை. இரத்தினபுரியில் பத்து மணிக்கு ஆளுக்கு மூன்று சதத் தேத்தண்ணீர். பலாங்கொடை தாண்டித் தோட்டப் பாதையில் இறங்கும்போது ஒரு மணி. இனி ஆறு மைல்தான். அந்த ஆறு மைலுக்கு நாலு மணித்தியாலம் சென்றது.

பாதையா அது? மழை அறுத்த வாய்க்கால், நடுவில் முழங்கால் உயரக் கல். டயர்களில் பாதிக் காற்றை இறக்கினேன். அப்போதுதான் கல்லைக் கவ்வும். வளைவில் வான் திரும்பினாலும் ட்ரெயிலர் திரும்பாது. கழற்றி, கையால் திருப்பி, மறுபடி கொளுவ வேண்டும். மூன்று வளைவில் அப்படிச் செய்தோம்.

"கிளாக்கரை இதில ஒருக்கா நடக்க விடவேணும், மச்சான்" என்றான் சவரி.

"நடக்க வேண்டாம். கட்டை போடட்டும்."

நாலாம் மைலில் ரேடியேட்டர் கொதித்தது. கொண்டுபோன தண்ணீர் முடிந்திருந்தது. கீழே பாதையோரத்தில் மலைத் தண்ணீர் விழும் பீலியில் குடங்களை நிரப்பிக்கொண்டு நாலு பெண்கள் பள்ளத்திலிருந்து ஏறி வந்தார்கள். அரை மைல் ஏற்றம்.

"என்னாண்ணே, வண்டிக்கு வயித்து வலியா?" என்றாள் முன்னால் வந்தவள்.

பெண்களோடு கதைக்க எனக்கு நா எழாது. அன்றைக்கென்று எழுந்தது. "உங்கட லயத்துக்குத்தான் பம்பு கொண்டுபோறன். இனிக் குடம் தூக்கத் தேவையில்லை."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "அப்ப வண்டிய நல்லாக் குடிக்கச் சொல்லுங்க!" நாலு குடமும் ரேடியேட்டருக்குள்ளும் எங்கள் டின்னுக்குள்ளும் போயின. பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேடு ஏறும்வரை ட்ரெயிலரையும் தள்ளினார்கள்.

ஐந்து மணிக்குத் தோட்ட வாசலில் நின்ற கணக்கப்பிள்ளை வண்டியைத் தோட்டத்துத் துரையின் பங்களாவுக்கு விடச் சொன்னார். பங்களாவுக்குக் கீழே ஓடைக்கரையில் பம்புக்குச் சீமெந்து மேடை. அங்கிருந்து மேலே பூந்தோட்டம் வரை புதுக் குழாய். பூந்தோட்டத்தில் புதிதாய்க் கட்டிய தாமரைக் குளம் காய்ந்து கிடந்தது.

"லயத்துக்கு எண்டெல்லோ சொன்னவை?" என்றேன்.

"லயத்துக்கா? ஒனக்கு யாரப்பா சொன்னா?" என்று சிரித்தார்.

துரை வராந்தாவில்தான் இருந்தார். போய்க் கேட்கவில்லை. பம்பை இறக்கிக் கொடுத்தேன். என் கோபத்தில் பாதி என் மேல்தான்.

அடுத்த நாள் விடிய ஆறு மணிக்குத் திரும்பினோம். வேலைக்குப் போகுமுன் அதே பெண்கள் பீலியடியில் நின்றார்கள்.

"நிப்பாட்டாதே, மச்சான். நீ என்ன வேணுமெண்டே பொய் சொன்னனி?" என்றான் சவரி.

நிப்பாட்டினேன். இறங்கிப் போய்ச் சொன்னேன்: "பம்பு உங்களுக்கில்லை. துரையின்ர பூந்தோட்டத்துக்காம். நான் தெரியாமல் சொல்லிப்போட்டன்."

முதல் நாள் பகிடி விட்டவள் குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். ஏசுவாள் என்று நின்றேன்.

"தண்ணிய எங்கேருந்துண்ணே எடுப்பாங்க?"

"பங்களாவுக்குக் கீழ, ஓடையில."

அவள் மேலே பார்த்தாள். பிறகு பீலியைப் பார்த்தாள். "அந்த ஓடைத் தண்ணிதாண்ணே இங்க விழுது."

எங்கள் தெருவில் பதினொரு வீட்டுக்கு ஒரு குழாய். அன்று வீட்டுக்குள் கால் வைத்ததும் மனைவி குழாயடிச் சண்டையைச் சொல்லத் தொடங்கினாள். "எங்கட குழாயில தண்ணி வருதெல்லோ!" என்று கத்தினேன். பாவம், கத்தியது அவளுக்கில்லை.

இறக்காமல் திருப்பிக் கொண்டு வந்திருக்கலாம். வேலை போயிருக்கும். பீலியில் தண்ணீர் இருந்திருக்கும்.

கொட்டாஞ்சேனை, 1939 மார்ச் 12, ஞாயிறு.