சர்வருக்கு வைத்த பொட்டு

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடங்களை ஒலிப்பதிவு செய்து இணையத்தில் ஏற்றும் நிலையம் ஒன்று மைசூரில் இருக்கிறது. அதன் சர்வர் கணினியைப் பதினோரு வருடங்களாகக் கட்டி மேய்ப்பவள் சுமங்களா. தன் வேலையில் இன்னொருவரிடம் யோசனை கேட்பது அவளுக்குப் பிடிக்காது. அவ்வளவு ரோஷம்.

விஜயதசமிக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை, ராய்ச்சூரிலிருந்து சரணப்பா என்ற மாணவன் போன் செய்தான். திங்கட்கிழமை அவனுக்கு வரலாற்றுப் பரீட்சை. இன்னும் பன்னிரண்டு பாடங்கள் அவன் கணினியில் இறங்க வேண்டும்.

“அக்கா, விஜயநகரம் கவுந்ததே நாலு மணி நேரச் சண்டையிலதான். அந்தப் பாடம் இறங்க ஆறு மணி நேரமா?”

சுமங்களாவுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் இணைய இணைப்புக்காரர்களை ஒரு பிடி பிடித்தாள். அவர்கள் பக்கம் குறை ஏதுமில்லை. சர்வரிலிருந்து பக்கத்து அறைக் கணினிக்கு ஒரு பாடத்தை அனுப்பிப் பார்த்தாள். அதுவும் ஊர்ந்தது. அப்படியானால் கோளாறு இங்கேதான். மதியம் வரை எதையெதையோ மாற்றியும் பயனில்லை. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவுவது என்று முடிவுகட்டினாள். சர்வர் இரண்டு நாள் படுத்துவிடும். சரணப்பாவின் கதி அதோகதிதான்.

அப்போது, அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கும் புட்டம்மா வாசலில் வந்து நின்றாள்.

“ஏம்மா முகம் இப்படி வாடிக் கிடக்கு?”

“மெஷினு மக்கர் பண்ணுது. நீங்க போங்க.”

அவள் போகவில்லை.

“ஒண்ணு சொல்றேன், திட்டாதீங்க. ஆயுதபூஜைக்குத் தொடைக்கறப்போ மெஷினோட அந்த நீல ஒயரப் புடுங்கினேன். பொட்டு வைக்கையில ஓட்டைக்குள்ள குங்குமம் கொட்டிடுச்சு. ஊதிட்டுச் சொருகிட்டேன். மெஷின்ல வெளக்கு எரிஞ்சுது, சரின்னு விட்டுட்டேன்.”

சுமங்களா ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினாள். முனையெல்லாம் செக்கச்செவேல். அந்த இணைப்பின் வேகம் ஆயிரம் காட்ட வேண்டிய இடத்தில் பத்து காட்டியதை அப்போதுதான் பார்த்தாள். காலையில் முதல் வேலையாகப் பார்த்திருக்க வேண்டியது. துளையைத் துடைத்து வேறு ஒயர் மாட்டியதும் ஆயிரம் வந்தது.

“என்ன வேலைய விட்டுத் தூக்கிடுவாங்களாம்மா?”

“உங்களத் தூக்கினா என்னையும் சேத்துத்தான் தூக்கணும். நீங்க வாயத் தெறக்கலைன்னா அந்தப் பையன் பரீட்சை போயிருக்கும், புட்டம்மா.”

நாலு மணிக்குச் சரணப்பா கூப்பிட்டான். “பன்னெண்டும் வந்துருச்சுக்கா!”

பழுதுப் பதிவேட்டில் ‘கண்டுபிடித்தவர்’ என்ற இடத்தில் பதினோரு வருடங்களாக ஒரே பெயர்தான் இருந்தது. அன்று சுமங்களா அங்கே புட்டம்மா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.